பழைய தீனி

இவை கடிக்காது, தம்பி. பயப்படாமல் காலைக் கீழே விடு. சப்பாத்தை முகர்ந்து பார்க்கும், பிறகு தன்பாட்டில் போய்விடும். பார்க்கிறவர்கள் எல்லோரும் கீரி என்பார்கள். கீரி இல்லை, பிரெஞ்சுக்காரர் ஃபுரே என்பார்கள், வீட்டில் பூனை வளர்க்கிற மாதிரி வளர்ப்பார்கள். வெள்ளை நுகா, மண்ணிறம் பிஸ்து. பெயர் நாங்கள் வைத்ததில்லை. உன் அக்கா கடைசிவரை கீரியள் என்றுதான் சொன்னாள்.

இவற்றுக்குச் சாப்பாட்டு நேரம். கோழிக் கழுத்தை வெட்டிக்கொண்டே பேசுகிறேன், குறை நினைக்காதே. இருபத்திரண்டு வருடம் பாரிசில் இந்த லா சப்பல் இறைச்சிக்கடையில் கட்டைக்கு முன்னால் நின்றவன். கையில் கத்தி இருந்தால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும். நீ தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகிறது.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ வந்து இறங்கிய அன்றே நாகேஸ்வரி உன்னைப் பிடித்துக்கொண்டாள் என்று தெரியும். கார்ஜ் புறநகரில் இருந்துகொண்டு வெள்ளிக்கு வெள்ளி இங்கே கோயிலுக்கு வருகிறவள். ஊர்ச் சேதி முழுக்க அவள் மடியில்தான். 'இராஜேந்திரன் அண்ணையின்ரை மனிசி கடைசிப் பதினேழு நாளும் ஒண்டும் சாப்பிடேல்லை' என்று சொல்லியிருக்கிறாள். நான் உனக்குத் தொலைபேசியில் சொன்னது வேறு. நீ உயிரோடு இருக்கிற சேதி கேட்டு, அந்தச் சந்தோசத்தில் இரண்டு வாய் சோறு சாப்பிட்டு, நித்திரையிலேயே போய்விட்டாள் என்று சொன்னேன். இரண்டும் பொருந்தவில்லை. அதனால்தான் கேட்கிறாய்: 'நான் உயிரோடை இருக்கிறன் எண்டு தெரிஞ்சும் அக்கா ஏன் அத்தான் சாப்பிடாமல் கிடந்தவ?'

நியாயமான கேள்வி. நாடு நாடாக அலைந்து வந்து நிற்கிறாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என்னைத் தப்பாக விளங்கமாட்டாய். நான் யாரையும் வற்புறுத்துகிற ஆள் இல்லை. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேள்.

தில்லையை உனக்குத் தெரியும். தாயில்லாமல் போன உன்னைத் தூக்கி வளர்த்தவள். என்னைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்த பிறகும் அவளுக்குப் பிள்ளை என்றால் நீதான். எங்களுக்கென்று ஒன்று பிறந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். பிறக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே சந்தோசம் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை நான் நண்டு கொண்டுவருவேன். அவள் முருங்கையிலை போட்டுக் குழம்பு வைப்பாள். சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவோம். நண்டுக் காலைப் பல்லால் உடைத்துச் சதையை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் போடுவாள். அதைவிட நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

யுத்தம் முடிந்த 2009 வைகாசியில் உன்னைப் பற்றிய தகவல் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறவர் பட்டியலிலும் நீ இல்லை, மற்றப் பட்டியலிலும் இல்லை. தில்லை மூன்று நாள் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். நாலாம் நாள் தலை முழுகி, பிள்ளையார் கோயிலுக்குப் போய், நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். 'தம்பி வந்து என்ரை கையாலை சாப்பிடுமட்டும் நான் மச்சம் தொடமாட்டன்' என்றாள். மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. அந்த மாதம் இந்தத் தெருவில் எல்லோரும் ஏதோ ஒன்றை நேர்ந்தார்கள். நானும் சரி என்றேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது, அவள் நேர்ந்தது எனக்கும் சேர்த்துத்தான் என்று. வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்றானது. கடையிலிருந்து வந்தால் குளிக்காமல் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. எனக்குப் போட்டுத் தந்துவிட்டு, நான் முடித்து எழும்பிய பிறகு, உன் படத்துக்கு நேரே இருந்து தனியாகச் சாப்பிடுவாள். அந்தப் படத்துக்கு அவள் பூ வைத்ததில்லை, விளக்கு வைத்ததில்லை. வைத்தால் நீ செத்தவன் ஆகிவிடுவாய். நாகேஸ்வரி ஒருநாள் தெரியாத்தனமாக ஒரு செவ்வந்தியைச் செருகப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள். உனக்கென்று ஒரு கோப்பை இருந்தது. யாரும் சாப்பிடாத கோப்பை, தினமும் கழுவிக் கவிழ்க்கப்படும். என் கோப்பையை நானே கழுவினேன்.

மனைவியின் தம்பி மேல் பொறாமைப்படுகிற வயதில்லை எனக்கு. ஆனால் என் வீட்டில், என் கூலியில் வாங்கிய மேசையில், இல்லாத ஒருவனோடு அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருக்கிற நான் குளித்துவிட்டு வரிசையில் நின்றேன். கசந்தது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

கீரிகள் வந்தது 2011 கடைசியில். எதிர்வீட்டில் ஆரெலி என்று ஒரு பிரெஞ்சுப் பெட்டை இருந்தாள். மார்செய்யில் வேலை கிடைத்து, இரண்டு கிழமைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கூட்டோடு தந்துவிட்டுப் போனாள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. அப்போது மூன்று இருந்தன. இவை இரண்டும் குட்டிகள். மூன்றாவது மீமி, கிழடு.

ஆரெலி ஒரு மூட்டை தீனியும் தந்திருந்தாள். கடையில் விற்கிற காய்ந்த உருண்டை. பையின் பின்பக்கத்தை வாசித்தால் கோதுமை, சோளம், அவரை. இது இறைச்சியைத் தவிர வேறொன்றும் தின்னப் பிறக்காத சீவன். பல்லைப் பார், அரைக்கிற பல்லே இல்லை. அதுக்குப் போய்க் கோதுமை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கடையில் ஒருவரும் வாங்காத கழுத்தும் ஈரலும் இதயமும் வாளி வாளியாகப் போகிறது. வீட்டில் ஊன் தின்னி சோளம் கடிக்கிறது.

கொண்டுவந்து வைத்தேன். மூன்றும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. பச்சை இறைச்சியைச் சாப்பாடு என்றே அவற்றுக்குத் தெரியவில்லை. ஆரெலிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது விளக்கமாக எழுதி அனுப்பினாள். இந்தச் சீவன் பிறந்து ஆறு மாதத்துக்குள் எதன் மணத்தைப் பழகுகிறதோ அதைத்தான் ஆயுளுக்கும் சாப்பாடு என்று நம்புமாம். மாற்ற வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். முதலில் எலும்பு அவித்த தண்ணீரைத் தீனியில் தெளிப்பது. பிறகு அரைத்த பச்சை இறைச்சி நகத்தளவு பூசுவது. பிறகு கால்பங்கு, பிறகு பாதி. மணம் மாறுவது தெரியாமல் மாற வேண்டும். பழைய தீனியை ஒருநாள் முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு திரும்பக் காட்டக் கூடாது. காட்டினால் பட்டபாடு எல்லாம் பாழ், மறுபடி அதைத்தான் கேட்கும். கடைசி வரியில் ஒன்றைக் கோடு போட்டு எழுதியிருந்தாள்: பட்டினி போட வேண்டாம், நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் வெறுவயிறு இந்தச் சீவனுக்கு ஆகாது.

எனக்கு இது பிடித்துப்போனது, தம்பி. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். தினமும் வேலையால் வந்து அளந்து கலந்தேன். ஏழாம் கிழமை நுகா கழுத்தை எலும்போடு நொறுக்கித் தின்றது. பத்தாம் கிழமை பிஸ்து. உடம்பில் மினுமினுப்பு வந்தது. நாற்றம் பாதியாகக் குறைந்தது. தில்லைகூட 'பரவாயில்லையே' என்று சொன்னாள்.

மீமிதான் பிடிவாதக்காரி. பாதிக்குப் பாதி கலந்தால், நாக்காலேயே பிரித்து உருண்டையை மட்டும் எடுப்பாள். பழைய தீனியை முழுதாக எடுத்துவிட்டேன். காலையில் இறைச்சி வைத்தேன், முகத்தைத் திருப்பினாள். மத்தியானமும் திருப்பினாள், இரவும் திருப்பினாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று பொறுத்திருந்தேன். தீனிப்பை அலுமாரிக்கு மேலேதான் இருந்தது, கையை நீட்டினால் போதும். நீட்டவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பின்னங்கால் இழுத்தது, உடம்பு நடுங்கியது, பின்னேரம் முடிந்துவிட்டது. வயசு போய்ச் செத்துவிட்டது என்று தில்லையிடம் சொன்னேன். இன்னும் ஒரு வேளை பொறுத்திருந்தால் தின்றிருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அது 2012 மாசி. பங்குனியில் தில்லைக்குத் தலைசுற்று. விடிய நாலு மணிக்கு எழும்பி ஒபர்வில்லியேயில் கந்தோர் கூட்டித் துடைக்கப் போகிறவள்; ஒருநாள் அங்கேயே விழுந்துவிட்டாள். டாக்டர் கபிரியேலிடம் கூட்டிப்போனேன். பாண்டிச்சேரிக்காரர், நல்ல மனிதர். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். 'மதாம், ரத்தம் ரொம்பக் கொறைவா இருக்கு. இரும்புச்சத்து மாத்திரையும் உங்களுக்கு ஒத்துக்கல. வியாந்து, அதான் கறி, வேணாம்னா மீனாவது சாப்பிடுங்க. சாமி கோவிச்சுக்க மாட்டாரு' என்றார். தில்லை சிரித்தாள். 'சாமி கோவிக்காது டொக்டர். தம்பிக்குத்தான் ஆகாது' என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்டாலின்கிராட் மெட்ரோ மேம்பாலத்துக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தாறு வயதுக்காரி, அறுபது மாதிரி இருந்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல். சண்டை பிடித்திருக்கலாம். எனக்குச் சண்டை பிடிக்காது. நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

சித்திரையிலிருந்து சமையலை நான் எடுத்துக்கொண்டேன். 'நீ களைச்சுப்போய் வாறாய், நான் குளிச்சிட்டுச் சமைக்கிறன். இனி நானும் மரக்கறிதான்' என்றேன். அவள் அழுதாள். மச்சச் சட்டிகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தோம். நாகேஸ்வரியிடம் 'என்ரை மனிசன் திருந்திட்டார்' என்று சொல்லிப் பெருமைப்பட்டாளாம். அன்றிலிருந்து பழையபடி ஒரே சட்டி, இரண்டு கோப்பை.

முதல் கிழமை இரசத்தில் ஒரு மேசைக்கரண்டி எலும்புத் தண்ணீர். மிளகும் உள்ளியும் பெருங்காயமும் இருக்கிற இடத்தில் அது எந்த மூலைக்கு. பிறகு அரைக் கோப்பை. பிறகு இரசம் முழுவதுமே அது. ஈரலை அவித்து அரைத்துப் பருப்பில் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. நம்முடைய மிளகாய்த்தூளுக்கு முன்னால் எந்த ஈரலும் வாய் திறக்காது. கடைசியாகச் சோயா. அந்தக் காய்ந்த சோயாத் துண்டுகளை ஊறவைத்துப் பிழிந்து குழம்பு வைப்பாள் அல்லவா, அதே அளவில் கோழி நெஞ்சை வெட்டி, அவித்து, தண்ணீர் வற்றப் பொரித்து, பத்துக்கு ஒன்றாகக் கலந்தேன். பத்துக்கு மூன்று. பாதிக்குப் பாதி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரேயடியாக மறைக்கப் பார்க்கிறவனுக்குத்தான் அது. 2013 தையில் அவள் கோப்பையில் சோயா என்று ஒரு துண்டும் இல்லை. 'இந்தப் புதுச் சோயா நல்லா இருக்கு, எந்தக் கடையிலை வாங்கினீங்கள்?' என்று கேட்டாள்.

முகம் தெளிந்தது. நகத்தில் சிவப்பு வந்தது. படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. டாக்டர் தாளைப் பார்த்து 'பிரவோ மதாம்' என்றார். அவள் உன் படத்தைப் பார்த்து, 'பார்த்தியோ, நேர்த்தியும் கெடேல்லை, உடம்பும் தேறிட்டுது' என்று சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். இரத்தம் சரியான அந்த மாதமே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன் என்று அப்போது என்னை யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாயை அவள் விழுங்கும்போதும் எனக்குள் ஒன்று நிம்மதியானது. நீ வீட்டில் கொஞ்சம் குறைந்துகொண்டு வருகிற மாதிரி இருந்தது. இன்றைக்கு வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஒன்றரை வருடம்தான் எங்கள் வாழ்க்கையில் நல்ல காலம்.

காட்டிக்கொடுத்தது இவன், பிஸ்து. மனிதருக்குத் தெரியாத மணம் இவனுக்குத் தெரியும். முந்தி தில்லை சாப்பிடும்போது இவை திரும்பியும் பார்க்காது. மரக்கறியில் இவற்றுக்கு என்ன வேலை. பிறகு பிஸ்து அவள் மடியில் ஏறத் தொடங்கினான். சாப்பிட்ட கையை நக்கினான். 'என்னிலை பாசம் வந்திட்டுது' என்று அவள் கொஞ்சினாள். 2013 ஐப்பசி தொடங்குகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பையிலிருந்து ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு இந்தக் கதிரைக்குக் கீழே கொண்டுபோய் ஒளித்தான். இவை அப்படித்தான், பிடித்ததை ஒளித்துவைக்கும். அங்கே முதல்நாள் ஒளித்த கோழிக் கழுத்தும் கிடந்தது. தில்லை குனிந்து இரண்டையும் பார்த்தாள். கோப்பையை மூடி வைத்தாள்.

மறுநாள் நான் வேலையால் வந்தபோது தரையில் இரண்டு சின்னக் கோப்பைகள் இருந்தன. தானே கடைக்குப் போய், சோயா வாங்கி, தானே குழம்பு வைத்து ஒன்றில் போட்டிருக்கிறாள். மற்றதில் நான் வைத்த குழம்பு. அவளுடைய கோப்பை போட்டது போட்டபடி இருந்தது. என்னுடையதை இவை நக்கித் துடைத்திருந்தன. இரண்டுக்கும் பக்கத்தில் தில்லை நிலத்தில் இருந்தாள்.

'எத்தினை நாளா?' என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. 'போன வருசம் சித்திரையிலை இருந்து' என்றேன். அவள் உடம்புக்காகத்தான் செய்தேன் என்றேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். உன்னை ஒரு தடுப்பு முகாமில் கண்டதாக 2010 இல் ஒருவர் சொன்னார், ஞாபகம் இருக்கிறது. விடுதலையான ஆட்களோடு உன்னைப் போல ஒருவனைப் பார்த்ததாகக் கடைசிச் சேதி வந்தது 2012 மாசியில். சித்திரைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. நீ அப்போது வேறு பெயரில் மலேசியாவில் ஒளிந்திருந்தாய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும். அவள் கணக்கு நேராக வந்து முடிந்தது.

'அண்டையிலை இருந்துதான் அவனைப் பற்றி ஒரு கதையும் இல்லை' என்றாள். எண்ணிய விரலை மடக்கிக்கொண்டு, 'நான் என்ரை தம்பியைத் திண்டிட்டன்' என்றாள்.

எழும்பிப் போய், சாமி அறையிலிருந்து ஒரு பூவை எடுத்து வந்து உன் படத்துக்கு வைத்தாள்.

அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை, பேசவும் சாப்பிடவும். தண்ணீர் மட்டும் குடித்தாள், அதுவும் தானே குழாயில் பிடித்து. நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ அது கேதாரகௌரி விரத நாள். பெண்கள் இருபத்தொரு நாள் அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடக்கிற காலம். நாகேஸ்வரி கேட்டபோது 'விரதம்' என்றேன். 'உங்களுக்காகத்தானே அண்ணை' என்று சொல்லிச் சிரித்தாள். புருசனுக்காகப் பிடிக்கிற விரதம் அல்லவா. எனக்காக அவள் ஒருநாளும் பிடித்ததில்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். போனால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். அதோடு, எனக்கு இந்த வேலை தெரியும் என்று நினைத்தேன். பசிக்கட்டும், பொறுத்திருப்போம். தினமும் கஞ்சி வைத்தேன். அரிசியும் உப்பும் தண்ணீரும், வேறொன்றும் இல்லை, உன் மேல் சத்தியம். 'எனக்காக ஒரு வாய் குடி தில்லை' என்பேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவாள்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்குக் கடைக்கு உன் தொலைபேசி வந்தது. கோலாலம்பூரில் யாரோ வீட்டுச் சுவரில் எங்கள் கடைக் கலண்டர் தொங்கியதாம், அதில் இலக்கம் பார்த்ததாகச் சொன்னாய். 'அத்தான், நான் கிருஷாந்த். உயிரோடை இருக்கிறன். அக்கா எங்கை?' என்றாய். கத்தியைக் கட்டையில் வைத்தேன். 'அக்கா வேலைக்குப் போட்டா. நான் சொல்லுறன். வாற வெள்ளி எடு' என்றேன். வீட்டு இலக்கம் கேட்டாய். வீட்டுத் தொலைபேசி பழுது என்றேன்.

சொல்லத்தான் ஓடினேன், தம்பி. அதை நீ நம்ப வேண்டும். கடையிலிருந்து வீடு பத்து நிமிடம். கழுவாத கையோடு ஓடினேன். கதவைத் திறந்தேன். அவள் படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது. உன் படத்தில் பூ வாடியிருந்தது. ஒரே ஒரு சொல், சொன்னால் எழும்பியிருப்பாள். கஞ்சியும் குடித்திருப்பாள், பச்சைத் தண்ணீரில் சோற்றைப் போட்டுத் தந்தாலும் தின்றிருப்பாள். எனக்கு அது தெரியும். வாயைத் திறந்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. அவள் சாப்பிடப் போவது உனக்காக. நாளைக்கே மறுபடி இரண்டு சட்டி. நீ வந்து இந்த மேசையில் இருப்பாய், உன் கோப்பை நிமிரும், நான் குளித்துவிட்டு வருவேன். இருபது வருடம் ஒருத்திக்குச் சோறு போட்டவன் கேட்டது ஒரு வாய். என் பேச்சுக்கு, என் கையால், எனக்காக ஒரே ஒரு வாய். அதை மட்டும் முதலில் சாப்பிடட்டும், அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். பழைய தீனியை இப்போது காட்டினால் பட்டபாடு எல்லாம் பாழ்.

கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுபோனேன். திருப்பினாள். பின்னேரமும் திருப்பினாள். சனி, ஞாயிறு, திங்கள். ஒவ்வொரு தடவையும் உன் பெயர் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை கரண்டியை வைத்தபோது உதடு கொஞ்சம் அசைந்தது. திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை விடிய, கரண்டியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் கபிரியேல் வந்து இதயம் என்று எழுதினார். 'ரத்தம் நல்லா ஏறிட்டிருந்துச்சே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பூவோடு இருந்த உன் படத்தை நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். வெள்ளிக்கிழமை நீ மறுபடி எடுத்தாய்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். நீ உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது. உன்னைத் தின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

பொலிசுக்குப் போவதென்றால் போ, ஸ்டாலின்கிராட் பக்கம் இருக்கிறது, நானே கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்தும் விடுவேன். ஆனால் அவர்களிடம் என்னவென்று சொல்லுவாய்? கோழி கொடுத்தான் என்றா, கஞ்சி கொடுத்தான் என்றா? நான் அவளை ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. தேத்தண்ணி அப்படியே இருக்கிறது, நீ ஒரு மிடறும் குடிக்கவில்லை. ஒன்றும் கலக்கவில்லை, சீனி மட்டும்தான். இஞ்சை பார், நுகா ஒரு கழுத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது, பிஸ்துவும் வந்துவிட்டான். பொறுமையாகப் பழக்கினால் எந்தச் சீவனும் வழிக்கு வரும். உன் அக்காவுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை, தம்பி. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் என் கையால் சாப்பிட்டிருப்பாள்.